மொட்டை மாடியா, அடுப்படியா?

காற்று மாசு ஆய்வுக்குப் போக நினைப்பவர்களுக்கு இரண்டு பாதைகள். வெளிக்காற்று என்றால் கருவி மொட்டை மாடியில் நிற்கும். வரும் எண்களை வரம்போடு ஒப்பிடலாம். பிஎம் 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மிகாத நுண்துகளுக்கு இந்தியாவின் ஆண்டு வரம்பு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம்; உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ வெறும் 5.

வீட்டுக்காற்று அப்படியில்லை. கரி படிந்த சுவரில் கருவியை மாட்டிவிட்டு, ஊதுகுழலோடு குனிந்திருக்கும் அம்மாவிடம், "இன்னைக்கு எத்தனை வேளைக்கு விறகு எரிச்சீங்க?" என்று கேட்க வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில், சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அவர்கள் மீதே கருவி மாட்டி அளந்தார். அப்புறம் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர் கல்பனா பாலகிருஷ்ணன், தமிழகக் கிராமத்து அடுப்படிகளில் அளந்தார். என் மனம் அடுப்படிப் பக்கம்தான்: அந்தப் புகை எந்த மொட்டை மாடிக் கருவியிலும் முழுசாகப் பதிவாகாது.