லண்டனுக்கு நேரடியாகவா, துபாய் வழியாகவா?

அட்டனில் இருக்கும் அம்மாவை லண்டனில் இருக்கும் தம்பியிடம் அனுப்ப இரண்டு வழியையும் பார்த்தேன். கொழும்பிலிருந்து நேரடி விமானம் சுமார் 8,700 கிலோமீட்டர், 11 மணித்தியாலம் வரை. துபாய் வழியென்றால் முதலில் 3,300, அப்புறம் 5,500. கூட்டிப் பாருங்கள், தூரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான் கூடுகிறது. துபாய் கிட்டத்தட்ட அதே பாதையில்தான் கிடக்கிறது. ஆனாலும் இரண்டு தடவை ஏறி இறங்குவதால் பறக்கும் நேரமே 12 மணித்தியாலத்தை ஒட்டும். காத்திருப்பு தனி. நான் பார்த்த அன்று விலை மட்டும் அதில் குறைவு.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. வேனில் கித்துல்கல, அவிசாவளை தாண்டிக் கட்டுநாயக்கா விமான நிலையம் சேரவே 4, 5 மணித்தியாலம். கினிகத்தேனை வளைவுகளிலேயே அம்மாவுக்குத் தலை சுற்றும்; தேசிக்காயைக் கீறி முகர்ந்துகொண்டே வருவார். அப்படி இறங்குபவரை நடு இரவில் இன்னொரு விமானத்துக்கு நடக்கவைக்க மனம் வரவில்லை. காசு கூடினாலும் சரி, நேரடிக்கே போட்டேன்.

திரும்பி வரும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளும். அரை மணித்தியாலம் போல மிச்சம்.