பச்சோந்திக்கு நானே செய்த பெட்டி: சில குளிர்காலங்களுக்குப் பிறகு எப்படி இருக்கிறது

கனடாவில், குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும் அடுக்குமாடி வீட்டில் பச்சோந்தி வளர்ப்பவர்களுக்கு, நாலு பக்கமும் வலை வைத்து கடையில் விற்கிற கூண்டு சரிப்பட்டு வராது. ஜனவரியில் வீட்டுக்குள் ஈரப்பதம் சாதாரணமாக 20, 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எவ்வளவு தெளித்தாலும் கொஞ்ச நேரத்தில் இலையெல்லாம் காய்ந்துபோகும், ஈரம் அறைக்குப் போய்விடும். அதனால்தான் இரண்டு பக்கமும் முதுகும் பி.வி.சி. பலகை, முன்னால் அக்ரிலிக் கதவு, மேலே மட்டும் அலுமினிய வலை என்று 2 அடி நீளம், 2 அடி அகலம், 4 அடி உயரத்தில் ஒன்று செய்தேன். வளர்ந்த ஆணுக்கு இதுதான் குறைந்தபட்ச அளவு, இடம் இருந்தால் இன்னும் பெரிதாகவே செய்யுங்கள்.

என்னிடம் இருப்பது வெய்ல்டு கமீலியன் என்ற பச்சோந்தி இனம், ஆண். ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் அதன் பூர்வீகம். இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: நம் ஊர் வேலியில் பார்க்கும் பச்சோந்தி வேறு இனம். அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். நான் பேசுவது வளர்ப்பவர்களிடமே பொரித்து வந்த குட்டிகளைப் பற்றி மட்டும்.

சரி, பெட்டிக்கு வருவோம். பகலில் காய வேண்டும், இரவில் நனைய வேண்டும், எப்போதும் காற்று ஓட வேண்டும், இந்த மூன்றுக்குத்தான் பெட்டியே. கதவுக்குக் கீழே குறுக்காக 4 அங்குல உயரத்துக்கு ஒரு வலைப் பட்டை விட்டிருக்கிறேன். மேலே விளக்கு எரியும்போது சூடான காற்று கூரை வலை வழியாக ஏறிப் போகும், அந்த இடத்தை நிரப்ப கீழ்ப் பட்டை வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும், அடுப்புப் புகைபோக்கி மாதிரி. இந்தப் பட்டை இல்லாத மூடிய பெட்டி வாங்கியவர்கள் பூஞ்சை வாடை என்று புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். இங்கே இத்தனை காலத்தில் வாடை என்று ஒன்றுமில்லை. வலை எடுக்கும்போது மட்டும் கொசுவலை மாதிரி ஃபைபர்கிளாஸ் எடுக்காதீர்கள், இரைக்கு விடும் சுவர்க்கோழிப் பூச்சி கடித்து ஓட்டை போட்டுவிடும்.

கூரைக்கு வலை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் வெளிச்சம். பச்சோந்திக்கு வேண்டிய புற ஊதா பி கதிர் சாதாரணக் கண்ணாடி வழியாக வராது, ஆகவே ஜன்னலோரம் வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலையும் அந்தக் கதிரில் மூன்றில் ஒரு பங்கு வரை தின்றுவிடும். நான் போட்டிருப்பது 6 சதவீதம் புற ஊதா பி என்று குறித்து விற்கிற டி5 ஹெச்ஓ (மெல்லிய, அதிகத் திறன் கொண்ட) குழல் விளக்கு. வெயில் காயும் கிளை வலையிலிருந்து ஏறக்குறைய 9 அங்குலம் கீழே, அங்கே மீட்டரில் புற ஊதாக் குறியீடு 3ஐ ஒட்டி வருகிறது. கிளையை விட பச்சோந்தியின் முதுகு எவ்வளவு உயரம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். இந்த இனத்துக்குத் தலையில் கொண்டை வேறு உண்டு. சூட்டு விளக்கு பக்கத்தில் இருந்தால் முதலில் சுடுவது அந்தக் கொண்டை நுனிதான். அந்தக் கிளையில் 29, 30 டிகிரி செல்சியஸ் போதும், இரவில் 18க்கு இறங்கினால் ரொம்ப நல்லது. குழல் பார்க்க நன்றாக எரிந்தாலும் கதிர் குறைந்துகொண்டே போகும், வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன். செலவுதான், என்ன செய்வது.

இவ்வளவு காலத்தில் எனக்கு அதிகம் நிம்மதி தந்தது எது என்று கேட்டால், வடிகால். பெட்டிக்குள் தினமும் தண்ணீர் பெய்கிறது, அது போக வழி வேண்டுமே! அடிப்பலகையை லேசாக ஒரு மூலைக்குச் சரித்து, அங்கே ஓட்டை போட்டு, மீன்தொட்டிக்குப் போடும் பல்க்ஹெட் (ஓட்டையில் ஒழுகாமல் குழாயை இணைக்கும் துண்டு) ஒன்றைப் பொருத்தி, கீழே ஒரு வாளிக்குக் குழாய் விட்டேன். வாரத்தில் சில தடவை வாளியைக் கொட்டுவதோடு வேலை முடிந்தது. பத்து மில்லிமீட்டர் பி.வி.சி. பலகை தண்ணீருக்கு அசையாது, ஆனால் எடைக்கு வளையும், அதனால் அடியில் அலுமினிய எல் ஆங்கிள் கொடுத்தே ஆக வேண்டும். மரத்தில் செய்து வார்னிஷ் அடித்தால் அழகாக இருக்கும், மூலைகளில் தண்ணீர் ஏறினால் அப்புறம் உப்பிவிடும். மூட்டுகளுக்கு பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கான் மட்டும்.

தரையில் மண் கிடையாது, வெறும் பலகைதான். பூச்சி ஒளியாது, கழிவும் உடனே கண்ணில் படும். அதில் வெள்ளையாக இருக்கும் பகுதி ஆரஞ்சு நிறமாக வந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், அதைப் பார்ப்பதற்காகவே தரை சுத்தமாக இருக்க வேண்டும். பச்சோந்தி கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது, இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கும். விடிவதற்கு முன்னும் விளக்கு அணைந்த பிறகும் இரண்டு இரண்டு நிமிஷம் தெளிப்பான், நடுராத்திரியிலிருந்து ஃபாகர் (பனிமூட்டம் போல் ஈரம் விடும் கருவி). பகல் சூட்டில் ஃபாகர் போடுவது நுரையீரல் தொற்றுக்குக் கதவு திறப்பது. ஃபாகருக்கு டிஸ்டில்டு வாட்டர், வாரா வாரம் கழுவல், இதில் சோம்பல் கூடாது.

செடிகள் எல்லாம் தொட்டியோடு சுவரில் தொங்குகின்றன. பி.வி.சி. துண்டுகளில் வரிசையாக ஓட்டை போட்டு உள்சுவரில் திருகி வைத்தேன், கிளை, தொட்டி எல்லாமே கேபிள் டையில் அதில்தான் கட்டு. மணி பிளான்ட்டும் குடைச்செடியும் எதற்கும் அசரவில்லை. செம்பருத்தி வைத்தால் பூவை ஐயா காலை உணவாக முடித்துவிடுகிறார், மொட்டு விடுவதற்குள் தளிரையும். பெட்டி தரையில் இல்லை, மேஜை மேல் இருக்கிறது. உயரக் கிளை நம் தலைக்கு மேலே இருந்தால்தான் பச்சோந்தி பயப்படாமல் இருக்கும்.

பழுதானது என்று பார்த்தால் கதவுக் கீல்தான், இரும்புக் கீல் துருப்பிடித்து கிறீச்சிட ஆரம்பித்தது, ஸ்டெயின்லெஸ் பியானோ கீல் (கதவு நீளத்துக்கு வரும் ஒரே கீல்) போட்டதும் சரியானது. அக்ரிலிக்கில் கீறல்கள் விழுந்து மங்கிவிட்டது, அடுத்து மாற்றும்போது கண்ணாடிதான். பணம் மிச்சமாகுமா என்றால் ஆகாது. ரெடிமேட் கூண்டை விட எனக்கு அதிகமாகவே ஆனது, தெளிப்பான் பம்ப் மட்டும் கூண்டு விலைக்குச் சமம்.

பெண் பச்சோந்தி வளர்ப்பவர்கள் இதே அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். ஆண் துணையே இல்லாமலும் அது முட்டையிடும். தோண்டுவதற்கு ஓர் அடி ஆழம் ஈர மணல் போட்ட தொட்டி உள்ளே நிரந்தரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்து. மணலோடு அந்தத் தொட்டியின் எடை சாதாரணமில்லை, அடிப்பலகைக்குக் கீழே ஆங்கிளை இரட்டிப்பாகக் கொடுங்கள், வடிகால் ஓட்டையையும் தொட்டி மறைக்காத மூலையில் வையுங்கள்.