ஒயரிங் ஒப்பந்தம் கொடுக்கப்போகிறவர்களுக்கு: பச்சை ஒயரில் ஃபேஸ் ஓடிய எங்கள் வீடு

பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும், ஒயரிங் வேலையை மொத்தமாக ஒருவரிடம் ஒப்படைக்கப்போகிறவர்களும் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் இடையில் உள்ள எங்கள் கிராமத்து வீட்டில், மரப்பட்டியில் கிளிப் அடித்து ஓடிய பழைய ஒயரை எடுத்துவிட்டு, சுவருக்குள் பைப்பு பதித்துப் புதிதாகப் போட்டுத் தர ஓர் ஒப்பந்ததாரர் ஒப்புக்கொண்டார். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஒயர் மூன்று நிறங்களில், விளக்குக்கு ஒன்றரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்), பவர் பிளக்குக்கு இரண்டரை ஸ்கொயர், கசிகிற மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் தனி எர்த் குழி, கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்த சீட்டு என்னிடம் இருக்கிறது. பணத்தை முழுவதும் வாங்கிக்கொண்டார். பூஜையறைக்கு ஒரு வண்ண விளக்குச் சரத்தை இலவசமாகவும் மாட்டிக் கொடுத்தார். சீட்டில் எழுதியிருந்தவற்றில் சுவருக்குள் உண்மையாக இருந்தது மிகக் குறைவு என்பது பிறகுதான் வெளிப்பட்டது.

ஆடிக் காற்று பலமாக வீசிய ஒரு மாலையில், தென்னை மட்டை விழுந்து கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரில் நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் கம்பி) மட்டும் அறுந்துவிட்டது. விளக்குகள் அணைந்தன, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரும் நின்றது. வழக்கமான மின்தடை என்று நினைத்து, சுவிட்சை அணைக்காமல் மாவை வழிக்கப் போன என் அம்மா, எவர்சில்வர் பாத்திரத்தில் கை பட்டதும் கையை உதறிக்கொண்டு பின்னால் சாய்ந்தார். "கரண்டே இல்லை தம்பி, ஆனா சுருக்குன்னு இழுக்குது" என்றார். காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் அந்த அளவோடு போயிற்று. லைன்மேன் வந்து நியூட்ரலை இணைத்ததும் எல்லாம் பழையபடி ஓடத் தொடங்கியது. ஆனால் மின்சாரம் இல்லாத வீட்டில் ஷாக் எப்படி அடிக்கும் என்ற கேள்வி மட்டும் நின்றது. பக்கத்து ஊரிலிருந்து உரிமம் உள்ள ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துவந்து காட்டினோம்.

அவர் முதலில் மெயினை அணைத்துவிட்டு, கிரைண்டர் மாட்டியிருந்த பிளக் பாயிண்டைக் கழற்றினார். மூன்று துளைகளில் மேலே உள்ள பெரிய துளை எர்த்துக்கு உரியது. அதன் பின்புறத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துண்டு ஒயர் வளைந்து சென்று நியூட்ரல் முனையிலேயே முறுக்கப்பட்டிருந்தது. எர்த் ஒயர் அந்தப் பெட்டிக்குள் வரவேயில்லை. இந்த 'லூப்' போட்டுவிட்டால், ஃபேஸுக்கும் (மின்சாரம் வரும் கம்பி) எர்த்துக்கும் இடையே சோதனை பல்பை மாட்டினாலும் அது பளிச்சென்று எரியும், பார்ப்பவர் எர்த் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவார். நியூட்ரல் அறுகிற வரையில் கேடு வெளியே தெரியாது. அறுந்த கணத்தில், சுவிட்ச் போட்டிருக்கும் ஏதாவது ஒரு சாதனத்தின் வழியாக ஃபேஸ் வந்து வீட்டின் நியூட்ரல் முழுவதிலும் நிற்கும். லூப் வழியாக அது கிரைண்டர், ஃபிரிட்ஜ், சலவை இயந்திரம் ஆகியவற்றின் உலோக உடம்புக்கு ஏறிவிடும். விளக்கு எரியாததால் எல்லோரும் மின்தடை என்று எண்ணிக்கொண்டு அச்சமின்றித் தொடுகிற நேரமும் அதுவே. 2018 நவம்பரில் கஜா புயலில் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததைப் பார்த்த டெல்டாக்காரர்களுக்கு, கம்பி அறுவது என்பது எங்கோ எப்போதோ நடக்கிற காரியம் அல்ல என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஆர்.சி.சி.பி. ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்டேன். ஃபேஸில் போகிற மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்து, மனித உடம்பு வழியாக மண்ணுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிந்தாலே இணைப்பைத் துண்டிப்பதுதான் அதன் வேலை. எலக்ட்ரீஷியன் பதில் சொல்லாமல் மெயினைப் போட்டு, ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்டிருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினார். டக்கென்று லீவர் கீழே விழுந்தது. கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், வீட்டுக்குப் போகிற இரண்டு ஒயர்களும் ஆர்.சி.சி.பி.க்குள் மின்சாரம் நுழைகிற முனைகளிலேயே, உள்ளே வரும் ஒயரோடு சேர்த்து முறுக்கப்பட்டிருந்தன. வெளியே போக வேண்டிய முனைகள் வெறுமையாக இருந்தன. வேலை நடந்தபோது அது அடிக்கடி விழுந்துகொண்டே இருந்திருக்கும், கசிவு எங்கே என்று தேடச் சோம்பல்பட்டு இப்படிக் கட்டியிருப்பார்கள் என்பது அவருடைய ஊகம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

நிறங்களின் கதை இதைவிட மோசம். நம் நாட்டு வீட்டு ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸுக்கு உரியவை, கறுப்பு நியூட்ரல், பச்சையோ மஞ்சள் கோடிட்ட பச்சையோ எர்த். ஒருமுனை இணைப்புள்ள வீட்டுக்குச் சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றே போதும். எங்கள் வீட்டில் சமையலறைப் போர்டில் கறுப்பு நியூட்ரலாகவும், கூடத்துப் போர்டில் நீலம் நியூட்ரலாகவும், மாடிப்படி விளக்குக்குச் சுவிட்சிலிருந்து திரும்பிப் போகிற ஃபேஸ் பச்சையாகவும் இருந்தன. பச்சை என்றால் எர்த் என்று நம்பிக் கை வைக்கிற அடுத்த ஒயர்மேனுக்கு இது உயிர் ஆபத்து. இரண்டு அறைகளில் ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலில் சுவிட்ச் போட்டிருந்தார்கள். அணைத்த பிறகும் அங்கே பல்பு ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். அந்த அறைகளின் எல்.இ.டி. பல்புகள் இரவில் மங்கலாக மினுங்கியதை முன்பே சுட்டிக்காட்டியபோது, "எல்.இ.டி.ன்னா அப்படித்தான் சார்" என்று ஒப்பந்ததாரர் முடித்துவிட்டார். வேறு காரணத்தாலும் அப்படி மினுங்கலாம் என்றாலும், டெஸ்டரைச் சுவிட்சில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

நீலத்தைப் பற்றிக் கேட்டபோது ஒப்பந்ததாரர் சொன்ன சமாதானம் கேட்பதற்கு நியாயமாக இருக்கும் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். "சிங்கப்பூர்ல நீலம்தான் சார் நியூட்ரல், நான் அங்க வேலை பார்த்தவன்" என்றார். 2009 முதல் சிங்கப்பூரில் ஒருமுனை ஒயரிங்குக்குப் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல் என்பது உண்மைதான். நாம் வாங்குகிற சாதனங்களின் கார்டு ஒயருக்குள்ளும் இப்போது பழுப்பு, நீலம், மஞ்சள் கோடிட்ட பச்சை என்றே பெரும்பாலும் வருகிறது. அந்த நீலம் பிளக்கின் நியூட்ரல் முள்ளில்தான் சேர வேண்டும். ஆனால் இங்கே சுவருக்குள் நீலம் என்பது மூன்றாவது ஃபேஸ். மும்முனை இணைப்புள்ள வீடுகள் நிறைந்த பகுதியில் ஒரே கூரையின் கீழ் இரண்டு நாட்டு முறைகளைக் கலந்து வைத்தால், யாரேனும் ஒருவர் இரண்டு ஃபேஸ்களைச் சேர்த்துவிட்டு 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டைக் கொடுத்துவிடுவார். அதுவும் போக, சிங்கப்பூர் முறைதான் என்றால் சமையலறையில் கறுப்பு எப்படி வந்தது என்று கேட்டேன். மிச்சத் துண்டுகளை வைத்து ஒப்பேற்றியதாக அப்போதும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பவர் பிளக்குகளுக்கு வந்த ஒயர் இரண்டரை அல்ல, ஒரு ஸ்கொயர்; ஒயரின் மேலுறையிலேயே அளவு அச்சிட்டிருந்தது. அதற்கு 32 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) போட்டிருந்ததால், ஒயர் சூடேறி உருகினாலும் அது விழாது. எர்த் குழி என்று கொல்லையில் காட்டிய இடத்தைத் தோண்டினால், முழங்கை நீளம்கூட இல்லாத குழாய்த் துண்டு கையோடு வந்தது. குழாய் எர்த்துக்கு இரண்டரை மீட்டராவது இறங்க வேண்டும். நம் வண்டல் மண் ஈரத்தில் நன்றாகவே மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் கோடையில், மேட்டூர்த் தண்ணீர் வந்துசேரும் வரையில், மேல்மண் காய்ந்து வெடித்துக் கிடக்கும் என்பதால் இங்கே ஆழத்தில் கஞ்சத்தனம் செய்யக் கூடாது.

வேலை கொடுக்கிறவர்கள் ஒப்பந்ததாரரின் மின் உரிமத்தையும் ஒயர் இழுக்கிறவரின் தகுதிச் சான்றிதழையும் முதலிலேயே கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒயர் சுருளை நீங்களே கடையில் பில்லோடு வாங்குங்கள். உறையில் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையின் கீழிருக்கும் சி.எம்/எல் எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் உண்மையா என்று தெரிந்துவிடும். பெட்டிகளை மூடுவதற்கு முன் ஒவ்வொரு போர்டையும் நிறம் தெரியப் படம் எடுத்து வையுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், சோதனைப் பொத்தானை அழுத்தி வீடு முழுவதும் இருட்டாகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு பிளக்கிலும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே சோதனை பல்பை எலக்ட்ரீஷியனைக் கொண்டே மாட்டச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. உடனே விழுந்தால் எர்த்தும் அதுவும் வேலை செய்கின்றன என்று பொருள். விழாமல் பல்பு நின்று எரிந்தால் அந்தப் பெட்டியைத் திறக்க வைக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றையும் மாற்றப்போனபோது, எங்கள் வீட்டில் பல இடங்களில் அவர் போட்ட ஒயர் பைப்புக்குள் சிக்கி வரவில்லை. கூடத்துச் சுவரை மீண்டும் உடைத்துத்தான் எடுத்தோம். "பார்த்து ஒத்துக்கிட்டுத்தானே பணம் கொடுத்தீங்க" என்பதற்கு மேல் அந்த ஒப்பந்ததாரர் எதுவும் சொல்லவில்லை, அழைப்பையும் இப்போது எடுப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவைத் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால், கழற்றிய ஒயர்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல், எந்த அறையில் எடுத்தது என்று சீட்டுக் கட்டி வையுங்கள். எங்களுடையவை இரண்டு சாக்குகளில் இருக்கின்றன, அந்த விரல் நீளத் துண்டும் சேர்த்து.