போபால் நோட்டீஸ் அடிச்சு குடுத்த ஆஃப்செட் கடை, கடலூர்

டிசம்பர் 3 போபால் நினைவு நாளுக்கு நோட்டீஸும் ஒரு பேனரும் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து சந்துல இருக்கிற கடையில குடுத்தோம், வேலை சுத்தம்ங்க. இந்த மாதிரி மேட்டர்னா பல கடையில தயங்குவாங்க, இந்த அண்ணன் முழுசா படிச்சிட்டுதான் ரேட்டே சொன்னாரு. நோட்டீஸ்ல இருந்தது இதுதான்: 1984ல போபால்ல யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஃபேக்டரியில 610ஆம் நம்பர் டேங்க்குள்ள தண்ணி இறங்கி சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட்ங்கிற விஷ வாயு ராத்திரியில வெளிய வந்துச்சு, டேங்கை குளிர வைக்கிற மெஷினை முன்னாடியே நிறுத்திட்டாங்க, கசியுற வாயுவை எரிக்கிற டவரும் ரிப்பேர்ல கெடந்துச்சு, ஆயிரக்கணக்குல ஜனங்க செத்தாங்க. இதை படிச்சிட்டு அவரே, "தம்பி, நம்ம சிப்காட் கெமிக்கல் ஃபேக்டரிங்க ஓரத்துல குடிகாடு, ஈச்சங்காடு ஜனங்களுக்கு குடுக்கப் போறீங்க, கேஸ் கசிஞ்சா என்ன பண்ணணும்கிறத மேல தூக்குங்க"ன்னாரு. ஈரத்துணியால மூக்கு வாயை மூடு, காத்து அடிக்கிற திசையிலயே ஓடாம குறுக்கால விலகிப் போ, இந்த ரெண்டு வரியையும் மஞ்சள் கட்டத்துல கொட்ட எழுத்துல போட்டுக் குடுத்தாரு, கண்ணாடி இல்லாமலே பாட்டிங்க படிச்சாங்க, எனக்கு மனசு நெறைஞ்சு போச்சு.

ஃப்ளெக்ஸ் வேணாம்னு சொன்னதும் துணி பேனர் அடிச்சாரு, கலர் அருமை. ஆனா ஓரத் தையல் வீக், உப்பனாத்து காத்துக்கு ஒரு மூலை பிஞ்சிடுச்சு, ரெட்டையா மடிச்சு தைக்கச் சொல்லுங்க. டெலிவரியும் ஒரு நாள் லேட்டு. நவம்பர் கடைசியில மழை, கரன்ட் கட்டுன்னு இழுக்கும், முன்னாடியே குடுத்துடுங்க.