மழைக்காலக் காய்ச்சல் பேக்கேஜ்: மலேரியாவுக்குச் சரி, மற்றதற்கு அவசரப்படாதீர்கள்

ஜூன் பிறந்தால் மும்பையில் தாராவி, சயான், மாட்டுங்கா பக்கமெல்லாம் லேப் நோட்டீஸ்தான். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து மலேரியா, டெங்கு, கூடவே எச்ஐவி, ஹெபடைடிஸ் சி, எல்லாம் ஒரே ரசீதில். அப்படி ஒரு பேக்கேஜ் பற்றித்தான் இது. லேபின் பெயர் வேண்டாம், இந்த வகைப் பேக்கேஜ்கள் ஏறக்குறைய ஒரே அச்சு.

ரத்தம் எடுப்பதில் குறையில்லை. புது ஊசி, ஊதா மூடி டியூபை எட்டுப் பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துகிறார்கள். ஆனால் ஸ்மியரை, அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கண்ணாடித் துண்டில் தடவும் ரத்தத்தை, வாசலிலேயே தடவுவதில்லை. ஊதா டியூபில் இருக்கும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தில் ரத்தம் மணிக்கணக்கில் ஊறினால் மலேரியா கிருமியின் உருவமே மாறிவிடும். விவாக்ஸா ஃபால்சிபாரமா, எந்த வகை மலேரியா என்று பிரிப்பது கஷ்டம். விரல் நுனியில் குத்தி ஸ்லைடு போடச் சொல்லுங்கள். மாநகராட்சி மருந்தகத்தில் இதை இலவசமாகவே செய்கிறார்கள்.

பெரிய கோளாறு ரிப்போர்ட்டில். மலேரியா பாசிட்டிவ், அதற்குக் கீழேயே எச்ஐவி "ரியாக்டிவ்", அதாவது சோதனையில் எதிர்வினை தெரிந்தது என்று, தடித்த எழுத்தில். மலேரியாவால் வந்த பொய் பாசிட்டிவாகவும் இருக்கலாம் என்று ஒரு வரி விளக்கம் கிடையாது. மலேரியா வந்தால் உடம்பு அதற்கான ஆன்டிபாடியை (கிருமியை எதிர்க்கும் புரதத்தை) மட்டும் சுரப்பதில்லை. ஒரு திருடனைப் பிடிக்க ஊரையே எழுப்பிவிட்ட கதையாக, ஆன்டிபாடி சுரக்கும் பி செல்கள் கும்பலாகக் கிளம்பி, கண்டதிலும் ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடிகளையும் சேர்த்துக் கொட்டுகின்றன. சோதனைக் கிட்டில் பூசியிருக்கும் வைரஸ் புரதத்தில் அவை ஒட்டினால் கிட் ரியாக்டிவ் என்றுதான் காட்டும். எச்ஐவி எலைசா, ஹெபடைடிஸ் சி, டெங்கு ஐஜிஎம் என்று ஆன்டிபாடியைத் தேடும் சோதனைகள் எல்லாவற்றிலும் இது நடக்கலாம்.

அதனால் வெறும் "ரியாக்டிவ்" என்ற சொல்லை வாங்கிக்கொண்டு வராதீர்கள், எண்ணைக் கேளுங்கள். ரியாக்டிவ் என்று சொல்லும் எல்லைக்கோடு (கட்-ஆஃப்) 1 என்றால் 1.3, 2 மாதிரி விளிம்பில் நிற்கும் எண்தான் பெரும்பாலும் சந்தேகத்துக்குரியது. எண் பெரிதாக இருந்தாலும் ஒரே கிட்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. கோடு விழுகிறதா என்று பார்க்கும் கார்டு டெஸ்ட் என்றால் எத்தனை நிமிடத்தில் படித்தார்கள் என்று கேளுங்கள். குறித்த நேரம் தாண்டிக் காய்ந்த கார்டில் இல்லாத கோடும் தெரியும். மஞ்சள் மூடி டியூபில் ரத்தம் அரை மணி நேரமாவது உறைந்த பிறகே, சீரம் பிரிக்கும் மெஷினில் அது சுழல வேண்டும். அவசரப்பட்டால் ரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் நூல் தங்கி, அதுவே பொய் பாசிட்டிவ் தரும்.

எச்ஐவிக்கு அடுத்த படி, ஆலோசனையும் சோதனையும் தரும் அரசு ஐசிடிசி மையம். இலவசம்தான். முதல் கிட் ரியாக்டிவ் ஆனால் வேறு வகைக் கிட் இரண்டில் அதே சாம்பிளைப் பார்க்கிறார்கள்; மூன்றும் ஒத்துவந்தால்தான் பாசிட்டிவ். இழுபறியானால் சில வாரம் கழித்துத் திரும்ப வரச் சொல்வார்கள். சந்தேகம் கேட்க 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண். ஆன்டிபாடியை விட்டு வைரஸையே தேடும் சோதனைகளும் உண்டு: ஹெபடைடிஸ் சிக்கு ஆர்என்ஏ சோதனை, டெங்குவுக்குக் காய்ச்சலின் முதல் ஐந்து நாளில் என்எஸ்1. மலேரியா இருக்கிறதே என்று ரியாக்டிவை அப்படியே தள்ளிவிடுவதும் தப்பு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இன்னொன்று: எச்ஐவி சோதனைக்கு விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது 2017 சட்டம். இங்கே ஆப்பில் ஒரு டிக்கோடு முடித்துவிடுகிறார்கள். வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் அந்தச் சோதனையை நீக்கிவிடுகிறார்கள், ஆனால் பில் மட்டும் குறைவதில்லை.