மிக்சி ஓடலையா? பழுது, எக்ஸ்சேஞ்ச், செகண்ட் ஹேண்ட்: எது லாபம்?

மிக்சி நின்றுபோனால் மூன்று வழிகள் உண்டு. பழுது பார்க்கலாம், எக்ஸ்சேஞ்சில் புதிது வாங்கலாம், மெக்கானிக் கடையில் சரிசெய்து விற்கும் பழையதை எடுக்கலாம். எந்த வழி என்று முடிவெடுக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மிக்சியைக் கவிழ்த்துப் பாருங்கள். பல மாடல்களில் அடியில் டிரிப்பர் என்ற ஒரு சிவப்பு பட்டன் இருக்கும். சுமை கூடினால் அது துள்ளி மின்சாரத்தை நிறுத்திவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டு அழுத்தினால் மறுபடி ஓடும். இது தெரியாமலே எக்ஸ்சேஞ்சுக்குப் போன மிக்சிகள் எத்தனையோ!

பழுது பார்ப்பது

மோட்டார் இரைகிறது, பிளேடு மட்டும் சுற்றவில்லை என்றால் கப்ளர் தேய்ந்திருக்கிறது. மோட்டாரின் சுழற்சியை பிளேடுக்குக் கடத்தும், ரப்பரிலோ பிளாஸ்டிக்கிலோ செய்த மலிவான பாகம் இது. கட்டி மஞ்சளையோ உறைந்த தேங்காயையோ போட்டு பிளேடு சிக்கினால், மோட்டார் கருகாமல் கப்ளர் உடையட்டும் என்றுதான் இதை அப்படிச் செய்கிறார்கள். ஜாரின் அடியில் ஒன்று, மோட்டார் மேல் ஒன்று என இரண்டு இருக்கும். இரண்டின் பற்களையும் பாருங்கள். மழுங்கியதை விட்டுவைத்தால் புதியதையும் அது தின்றுவிடும்.

கழற்றும்போது திசை முக்கியம். மோட்டார் சுற்றும் திசையிலேயே திருப்பினால்தான் மேல் கப்ளர் கழலும், எதிர்ப்பக்கம் இறுகும். பிளேடின் தீட்டிய விளிம்பு எந்தப் பக்கம் முந்திப் போகுமோ அதுவே சுற்றும் திசை. தவறான பக்கம் முரட்டுத்தனமாகத் திருப்பினால் தண்டின் மரை போய்விடும், சின்னச் செலவு பெரிய செலவாகும்.

ஜாரின் அடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்தால் பிளேடின் தண்டைத் தாங்கும் வளையமான புஷ் தேய்ந்துவிட்டது. இதைத் தள்ளிப்போடக் கூடாது. கசியும் தண்ணீர் கப்ளர் வழியாக மோட்டாரின் மேல் பேரிங்கில் இறங்கும். மோட்டார் கெடுவதற்கு ஜாரே காரணமாவது இப்படித்தான்.

வேகம் குறைந்து, விட்டு விட்டு ஓடி, பொறி அதிகமாகப் பறந்தால் மோட்டாரின் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் துண்டுகள் தேய்ந்திருக்கின்றன. ஜோடியாகவே மாற்ற வேண்டும், அதே அளவில். லேசான பொறி எப்போதும் இருக்கும், பயம் வேண்டாம்.

கருகிய வாடை வந்து டிரிப்பரும் விழுந்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுற்றும் பாகம்) அல்லது காயில் (அதைச் சுற்றி நிலையாக இருக்கும் கம்பிச் சுருள்) போயிருக்கும். ஒன்று மட்டும் போயிருந்தால் விலை கேளுங்கள். இரண்டும் போயிருந்தாலோ, கூலியோடு புதிய மிக்சியின் பாதி விலையைத் தாண்டினாலோ விட்டுவிடலாம்.

எக்ஸ்சேஞ்ச்

பழையதைக் கொடுக்காமல் வாங்கினால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். பல நேரம் வித்தியாசம் சில நூறுதான். இன்னொரு நஷ்டம் யார் கண்ணிலும் படுவதில்லை: ஒரு கம்பெனி ஜார் இன்னொன்றின் பேஸில் பொதுவாக உட்காராது. நல்ல ஜார் மூன்றும் சேர்ந்து போகும். சட்னி ஜார் மட்டும் கெட்டிருந்தால் அதே மாடலுக்கு அந்த ஜாரைத் தனியாக வாங்குங்கள், குட்டி பிளெண்டர் எதற்கு?

புதிதுதான் என்றால் வாட்ஸைவிட முக்கியமான கேள்வி: கப்ளரும் புஷ்ஷும் உள்ளூரில் கிடைக்குமா? மோட்டாருக்கு ஐந்து வருட வாரண்டி என்பார்கள், தேயும் பாகங்கள் அதில் சேர்கிறதா என்று அட்டையில் படியுங்கள். 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய ‘ரைட் டு ரிப்பேர்’ தளத்தில் பல கம்பெனிகளின் சர்வீஸ் விவரங்களும் இருக்கின்றன.

செகண்ட் ஹேண்ட்

பேஸ் மட்டும் கருகி, உங்கள் ஜார்கள் நன்றாக இருந்தால் இதுவே சிக்கனம். ஒரு ஜாரைக் கையோடு எடுத்துப் போய் உட்காருகிறதா பாருங்கள். ஓட்டாமல் கப்ளரைப் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. காலியாக மூன்று வேகத்திலும் அரை நிமிடம் ஓட்டுங்கள். காற்றுத் துளை வழியாக நெருப்பு வளையம்போலப் பொறி தெரிந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். காயில் புதிதாகக் கட்டியதா, செம்பா அலுமினியமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.