எஞ்சின் கணினி மாற்றம்: வீட்டிலா, கராஜிலா?

கடற்காற்று வீசும் திருகோணமலையில், எஞ்சின் கணினியை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) மாற்றுமுன் முதலில் பார்க்க வேண்டியவை அரிப்பால் பச்சை பூத்த கனெக்டர் பின்களும் ஏர்த் வயரும். அவை பழுதென்றால் புதுக் கணினி போட்டும் பயனில்லை.

கழற்றிப் பூட்டுவது வீட்டிலேயே முடியும். பற்றரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடம் பொறுத்து, கனெக்டர் பூட்டை விடுவித்து நேராக இழுங்கள். சரித்து இழுத்தால் பின் வளையும். புதுக் கணினியின் பாக எண் பழையதோடு கடைசி இலக்கம்வரை பொருந்த வேண்டும்; டொயோட்டாவில் அது பெரும்பாலும் 89661 என்று தொடங்கும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) இல்லாத வண்டிக்கு இதுவே போதும், கூலி மிச்சம்.

இம்மொபிலைசர் இருந்தால் கராஜ்தான். வேறு வண்டியில் கழற்றிய கணினி உங்கள் சாவியை அறியாது. எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் நிற்கும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. பழையதிலுள்ள சாவித் தரவை கராஜ்காரர்கள் நகலெடுத்துத் தருவார்கள். அதனால் பழைய கணினியை எறிந்துவிடாதீர்கள்.